தாத்தா மங்கல், வாழைமரம் தெளிவு: ஒரு வைட் லென்ஸின் ஆட்டோஃபோகஸ் குழப்பம்

பின்னணி

கும்பகோணத்தில் சிறிய ஸ்டுடியோ நடத்துகிறேன். கல்யாண வேலைக்கு மூன்று பேர் போவோம். டிரெடிஷனல் படங்களை நான் எடுப்பேன், வீடியோவுக்கு ஒருவர், கேண்டிட் படங்களுக்குப் பாபநாசம் பக்கத்துத் தம்பி ஒருவர். இங்கே எழுதுவது அந்தத் தம்பியின் லென்ஸைப் பற்றி. ஆவணியில் ஆரம்பித்து ஐப்பசியில்தான் ஒரு முடிவுக்கு வந்தது. சம்பந்தப்பட்டவர்கள் பெயரையும், கேமரா, லென்ஸ் கம்பெனிகளின் பெயரையும் விட்டுவிட்டேன்.

தம்பி வைத்திருப்பது ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆர். கண்ணாடி வைத்த பழைய முறை பாடி. ஆடி மாதம், கல்யாணம் இல்லாத நேரத்தில், அகலமான காட்சியைப் பிடிக்கும் வைட் லென்ஸ் ஒன்றை, 24 மி.மீ. எஃப்/1.4, பழையதாக வாங்கினார். பாடி ஒரு கம்பெனி, லென்ஸ் வேறு கம்பெனி. வாங்கும்போது கடையிலேயே நாலைந்து படம் எடுத்துப் பார்த்தார், எல்லாம் நன்றாக இருந்தன. அந்தப் படங்கள் எல்லாமே ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தூரத்தில் எடுத்தவை. இது முக்கியம் என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

ஆவணியில் ஒரு முகூர்த்தம். பழைய மண்டபம், மேடைக்கு மேலே மஞ்சள் ஹாலஜன் விளக்குகள், பின்னால் பூ அலங்காரம், சீரியல் லைட், இருபுறமும் குலை தள்ளிய வாழைமரம். விடிவதற்கு முன்பே வேலை ஆரம்பித்து ஒன்பது மணிக்கு முடிந்தது. கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தன.

புகார்

படம் தேர்வு செய்யப் பெண்ணின் சித்தப்பா வந்தார். பெரிய மானிட்டரில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவர் ஒரு படத்தில் நின்றுவிட்டார். மாலை மாற்றும்போது தாத்தா வாய்விட்டுச் சிரிக்கிறார், பேரன் பேத்திகள் சுற்றி நிற்கிறார்கள். அன்று எடுத்ததிலேயே உயிருள்ள படம் அதுதான்.

“தம்பி, தாத்தா மூஞ்சி கலங்கலா இருக்கே. பின்னாடி வாழைமரம் மட்டும் பளிச்சுன்னு இருக்கு” என்றார்.

அவர் சொன்னது சரி. 12×36 அங்குல ஆல்பத்தில் இரண்டு பக்கம் விரித்துப் போடவேண்டிய படம் அது. அந்த அளவுக்கு அது தாங்காது.

படங்களைப் பிரித்துப் பார்த்தது

அன்று இரவு தம்பி, “அண்ணே, லென்ஸ் போச்சுண்ணே, நான் ஏமாந்துட்டேன்” என்று வந்து நின்றார். லென்ஸைக் குறை சொல்வதற்கு முன்னால், அந்த லென்ஸில் எடுத்த எல்லாப் படங்களையும் நூறு சதவீத அளவில் பார்த்து மூன்று குவியலாகப் பிரித்தோம்.

முதல் குவியல் சின்னது. படம் முழுக்க வெளுத்து, விளக்கைச் சுற்றிப் புகைபோல வட்டம். நேரத்தைப் பார்த்தால் எல்லாமே மண்டபத்துக்குள் நுழைந்த முதல் பத்து நிமிடத்தில் எடுத்தவை. ஏசி காரில் குளிர்ந்த லென்ஸ், ஆற்றங்கரை ஊரின் ஈரக்காற்றில் பட்டதும் பனி பூத்திருக்கிறது. ஃபோகஸ் கோளாறோடு இதற்குச் சம்பந்தம் இல்லை, தனியே எடுத்து வைத்தோம்.

இரண்டாவது குவியல்தான் பெரியது. முகம் மங்கல், முகத்துக்குப் பின்னால் ஏதோ ஒன்று கூர்மை. அலங்காரப் பூ, வாழை இலை, சீரியல் லைட்டின் வயர். படத்தில் எங்காவது ஓரிடம் கூர்மையாக இருந்துவிட்டால் அதைக் கை ஆட்டம் என்று சொல்ல முடியாது. கை ஆடினால் எல்லாம் சேர்ந்துதான் கலங்கும். ஷட்டர் வேகமும் எதிலும் 1/125க்குக் குறையவில்லை.

மூன்றாவது, முகம் மங்கி முன்னால் இருந்த பொருள் கூர்மையானவை. தட்டு, குத்துவிளக்கு, யாரோ ஒருவரின் தோள். ஐந்தாறு படம்தான். எல்லாம் மிகக் கிட்டத்தில் எடுத்தவை.

அதே நாள் தம்பியின் 85 மி.மீ. லென்ஸில் (தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டுவது) எடுத்த படங்கள் ஒன்றுவிடாமல் நன்றாக இருந்தன. “வைட் லென்ஸ்னா எல்லாமே ஃபோகஸ்ல இருக்கும்னுதானே சொல்லுவாங்க?” என்று அவர் கேட்டார். நானும் இருபது வருடமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் முடிவும் அதனால் வந்த கெடுதலும்

பாடியின் மெனுவில் ஃபைன் டியூன் என்று ஒரு வசதி உண்டு. ஃபோகஸ் முன்னால் விழுந்தால் பின்னால் தள்ளலாம், பின்னால் விழுந்தால் முன்னால் இழுக்கலாம். சாப்பாட்டு மேசையில் தீப்பெட்டியை நிறுத்தி, பக்கத்தில் ஸ்கேலைச் சாய்த்து வைத்து, ஒரு மீட்டர் தூரத்தில் இருந்து எடுத்தோம். ஃபோகஸ் கொஞ்சம் முன்னால் விழுந்தது. பிளஸ் 6 வைத்ததும் தீப்பெட்டியின் எழுத்து அற்புதமாகத் தெரிந்தது. வேலை முடிந்தது என்று படுக்கப் போனோம்.

ஆவணி கடைசியில் ஒரு வளைகாப்பு. வளையல் அடுக்கிய கையைக் கிட்டே போய் எடுத்தவை எல்லாம் அருமை. ஹாலில் குடும்பத்தோடு எடுத்தவை முன்பைவிட மோசம்.

தவறு இரண்டு இடத்தில் நடந்தது. பெரிய குவியலில் ஃபோகஸ் பின்னால் விழுந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்திருந்தோம். மேசையில் முன்னால் விழுந்ததும் அதை நம்பி இன்னும் பின்னால் தள்ளிவிட்டோம். இரண்டும் முரண்படுகிறதே என்று அந்த இடத்திலேயே நின்றிருக்க வேண்டும். அடுத்தது, மண்டபத்தில் இந்த லென்ஸ் வேலை செய்வது மூன்று முதல் ஆறு மீட்டரில். சோதித்தது ஒரு மீட்டரில்.

புரட்டாசி: அரிசி ஆலைக் களத்தில் சோதனை

புரட்டாசியில் கல்யாணம் கிடையாது. முழு மாதத்தையும் இதற்கே கொடுக்கலாம் என்று முடிவு செய்தோம். தெரிந்தவரின் அரிசி ஆலையில் நெல் காயப்போடும் சிமெண்டுக் களம் இருக்கிறது. மட்டமான தரை, நீளமான இடம், ஆலையின் செங்கல் சுவர், எல்லாம் ஒரே இடத்தில். குறுவை அறுவடை நேரம் என்பதால் களம் நிறைய நெல். ஞாயிறு காலை மட்டும் ஒரு ஓரத்தை ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

முதலில் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தோம். ஃபைன் டியூனைப் பூஜ்யமாக்கினோம். லென்ஸின் முன்னால் மாட்டியிருந்த யூவி ஃபில்டரைக் கழற்றினோம். லென்ஸ் பாடியோடு பொருந்தும் மவுண்டின் திருகாணிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்து, பொன்னிறத் தொடுமுனைகளை உலர்ந்த துணியால் துடைத்தோம். இதனால் எந்த மாற்றமும் தெரியவில்லை. ஆனால் இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போயிருந்தால் சந்தேகம் கூடவே வந்திருக்கும்.

நெல் மூட்டைகளை அடுக்கி அதன் மேல் செய்தித்தாளை ஒட்டினோம். சாக்கின் நெசவையே குறியாக வைக்கவில்லை. ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் கோடுகள் ஆட்டோஃபோகஸைக் குழப்பும். 1, 2, 4, 6, 8 மீட்டர் என ஐந்து தூரம். கேமரா டிரைபாடில், அபர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை) முழுக்கத் திறந்து எஃப்/1.4. இந்த எண் கூடக் கூடத் துளை சுருங்கி, அதிக ஆழத்துக்குக் கூர்மை கிடைக்கும். ஒவ்வொரு தூரத்துக்கும் லைவ் வியூவில் (பின்திரையைப் பார்த்து) பத்துப் படம், கண் வைத்துப் பார்த்துப் பத்துப் படம். ஒவ்வொரு பத்திலும் ஐந்து, லென்ஸை முடிவிலிக்குத் தள்ளிவிட்டு அங்கிருந்து ஃபோகஸ் செய்தவை. மற்ற ஐந்து, கிட்ட எல்லைக்குக் கொண்டுவந்து அங்கிருந்து செய்தவை. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து லென்ஸ் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ நிற்பதுண்டு. ஒரே படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

லைவ் வியூவில் எடுத்த ஐம்பது படமும் கூர்மை. இது பெரிய செய்தி. டிஎஸ்எல்ஆரில் கண் வைத்துப் பார்த்து எடுக்கும்போது ஃபோகஸைத் தீர்மானிப்பது பாடியின் அடியில் இருக்கும் தனி சென்சார். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு சின்னக் கண்ணாடி அதற்கு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. லைவ் வியூவில் படம் பதிவாகும் சென்சாரே ஃபோகஸையும் பார்த்துக்கொள்கிறது. அங்கே எல்லாம் சரி என்றால் லென்ஸின் கண்ணாடிகள் சரி, மோட்டாரும் சரி. செங்கல் சுவரை நேராக நின்று எடுத்துப் பார்த்ததில் நான்கு மூலையும் ஒன்றுபோல இருந்தன. உள்ளே எந்தக் கண்ணாடியும் சாய்ந்திருக்கவில்லை. நண்பர் ஒருவரின் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) பாடியில் அடாப்டர் போட்டும் பார்த்தோம், எல்லாம் கூர்மை. தம்பி ஏமாறவில்லை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. அவர் முகத்தில் எனக்குத் தெரிந்த நிம்மதியை எழுதாமல் விட மனமில்லை.

கண் வைத்து எடுத்தவை வேறு கதை சொல்லின. ஒரு மீட்டரில் பத்தும் கொஞ்சம் முன்னால். இரண்டு மீட்டரில் பத்தும் சரி. நான்கு மீட்டரில் பத்தும் பின்னால், ஐந்தைத் தாண்டி. ஆறிலும் எட்டிலும் இன்னும் பின்னால். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் வித்தியாசம் சின்னதுதான். ஒரே தூரத்தில் நின்றால் இந்த லென்ஸ் ஒவ்வொரு முறையும் ஒரே தவறைச் செய்கிறது. மண்டபத்தில் நாங்கள் நின்ற தூரம் மாறிக்கொண்டே இருந்ததால் லென்ஸுக்கு நிலையே இல்லை என்று தோன்றியிருக்கிறது.

நிலையான தவறைத் திருத்த முடியும். அலைகிற தவறை எந்த எண்ணாலும் திருத்த முடியாது. ஃபைன் டியூனைத் தொடுவதற்கு முன்னால் நம்முடையது இரண்டில் எது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பத்துப் பத்துப் படங்கள்.

வைட் லென்ஸில் ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது

கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. 24 மி.மீ. லென்ஸில் மூன்று மீட்டரில் நிற்பவருக்கும் அடிவானத்துக்கும் நடுவே, சென்சார் பக்கம் பிம்பம் விழும் இடத்தின் வித்தியாசம் சுமார் 0.19 மி.மீ. மட்டும். 85 மி.மீ. லென்ஸில் அதே வித்தியாசம் ஏறக்குறைய 2.5 மி.மீ.

இப்போது ஃபோகஸ் 0.05 மி.மீ. தவறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 85இல் மூன்று மீட்டரில் நிற்கும் மணப்பெண்ணுக்கு ஃபோகஸ் சுமார் ஆறு சென்டிமீட்டர் பின்னால் போகும். 24இல் ஒரு மீட்டர் பின்னால் போய் நான்கு மீட்டரில் விழும். ஐந்து மீட்டரில் நிற்பவருக்கு எட்டரை மீட்டரையும் தாண்டிவிடும். முகத்தின் மங்கல் இரண்டு லென்ஸிலும் ஒரே அளவுதான். ஆனால் 85இல் கூர்மை கண்ணிலிருந்து காதுக்குப் போகிறது, யாரும் அதைக் குற்றமாகச் சொல்வதில்லை. 24இல் அது தாத்தாவை விட்டு வாழைமரத்துக்குப் போய்விடுகிறது.

எல்லாமே ஃபோகஸில் இருக்கும் என்பதும் பாதி உண்மைதான். சென்சாரில் ஒரு புள்ளி 0.03 மி.மீ. வரை விரிந்தாலும் கூர்மை என்று ஏற்கும் வழக்கமான கணக்கில் எஃப்/1.4, மூன்று மீட்டருக்கு, சுமார் 2.5 முதல் 3.8 மீட்டர் வரை கூர்மை. அது சின்னப் பிரிண்டுக்கான கணக்கு. விரித்துப் போடும் ஆல்பத்துக்காக அளவுகோலைப் பாதியாக்கினால் 2.7 முதல் 3.4 வரைதான் மிச்சம்.

மண்டபத்தில் மறுபடி

களத்தில் பகல் வெளிச்சம். புகார் வந்ததோ மண்டபத்தில். காலியாக இருந்த ஒரு நாள் மாலை, காவலாளி அண்ணனிடம் சொல்லி அதே மேடையில் அதே ஹாலஜனைப் போடச் சொன்னோம். வீடியோக்காரர் மாப்பிள்ளை நிற்கும் இடத்தில் நின்றார். அவருக்கு இரண்டு மீட்டர் பின்னால் சீரியல் லைட் கட்டினோம்.

இங்கே களத்தில் பார்க்காத ஒன்றைப் பார்த்தோம். நான்கு மீட்டரில் இருந்து முகத்தில் ஃபோகஸ் புள்ளியை வைத்தால், பத்தில் நான்கு படம் மொத்தமாகப் பின்னால் இருந்த லைட்டுக்கே போயின. சீரியல் லைட்டை அணைத்துவிட்டு, பின்னால் வெறும் வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டால் ஒன்றுகூடப் போகவில்லை. 24 மி.மீ.யில் நான்கு மீட்டர் தூரத்துக் காட்சியின் உயரம் நான்கு மீட்டர். அதில் ஒரு முகம் இருபதில் ஒரு பங்கு. கேமரா காட்டும் சின்னக் கட்டத்தைவிட உண்மையில் அது உணரும் பரப்பு பெரிது. முகத்தோடு சேர்ந்து பின்னால் மின்னும் பல்பும் அதற்குள் வந்துவிடுகிறது. மாநிறக் கன்னத்தைவிட இருட்டில் எரியும் பல்பு அதற்கு எளிதான பிடி. இதில் லென்ஸின் பிழை எதுவும் இல்லை.

ஹாலஜனின் கீழே ஃபோகஸ் பகலைவிட இன்னும் கொஞ்சம் பின்னால் விழுந்தது. அந்த விளக்கில் சிவப்பும் அகச்சிவப்பும் அதிகம். லென்ஸ் எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் குவிப்பதில்லை. ஃபோகஸ் சென்சார் பார்க்கும் நிறக் கலவையும் படம் பதியும் சென்சார் பார்ப்பதும் வேறு வேறு.

மூன்றாவதாகத் தம்பியின் பழக்கம். நடுப்புள்ளியில் ஃபோகஸ் செய்து, ஷட்டரைப் பாதி அழுத்தியபடியே கேமராவைத் திருப்பி ஃபிரேம் வைப்பார். 85இல் திருப்பும் கோணம் சிறிது. 24இல் இருபது டிகிரி திருப்பினால், மூன்று மீட்டரில் நிற்பவருக்கு ஃபோகஸ் தளம் சுமார் 18 செ.மீ. பின்னால் நகர்ந்துவிடும். தனியாக இது பெரிய தவறில்லை. ஏற்கெனவே பின்னால் விழும் லென்ஸோடு சேர்ந்தால் பெரிதாகிவிடும்.

எடுத்த முடிவுகள்

லென்ஸைச் சென்னைக்குச் சர்வீஸுக்கு அனுப்பலாமா என்று யோசித்தோம். கண்ணாடியும் மோட்டாரும் சரி என்று தெரிந்த பிறகு அதற்கு அவசியம் இல்லை என்று தோன்றியது. ஐப்பசி முகூர்த்தத்துக்குள் திரும்பி வருமா என்ற பயமும் இருந்தது.

பாடியின் ஃபைன் டியூன் ஒரே எண்ணைத்தான் ஏற்கும். இங்கே கிட்டத்துக்குப் பிளஸ் வேண்டும், தூரத்துக்கு மைனஸ் வேண்டும். இந்த லென்ஸுக்குக் கம்பெனியே யுஎஸ்பி டாக் விற்கிறது. கம்ப்யூட்டரில் செருகி நான்கு தூரங்களுக்குத் தனித்தனியாகத் திருத்தம் எழுதலாம். திருத்தம் லென்ஸுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். டாக் வாங்கினோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை களத்தில் எடுப்பதும் திருத்துவதும் மறுபடி எடுப்பதுமாகப் போனது. கிட்டத்துக்குச் சின்னப் பிளஸ், நடுவில் ஏறக்குறைய பூஜ்யம், தூரத்துக்கு நல்ல மைனஸ் என்று முடிந்தது.

ஹாலஜன் வித்தியாசத்தை லென்ஸில் எழுதவில்லை. முகூர்த்தத்துக்கு மஞ்சள் விளக்கு, மாலை ரிசப்ஷனுக்கு வெள்ளை எல்இடி. ஒன்றுக்காகத் திருத்தினால் மற்றது கெடும்.

மீதியைப் பழக்கத்தால் சரிசெய்வது என்று பேசிக்கொண்டோம். குடும்பப் படம் என்றால் லைவ் வியூ, எஃப்/5.6. ஓடியாடி எடுக்கும்போது எஃப்/2.8க்குக் கீழே போவதில்லை. ஃபோகஸ் செய்துவிட்டுத் திருப்புவதில்லை, முகத்துக்குப் பக்கத்துப் புள்ளியையே எடுத்துக்கொள்வது. பின்னால் சீரியல் லைட் இருந்தால், கன்னத்தை விட்டுச் சட்டைக் காலர், மாலையின் ஓரம் என்று முகத்தின் தூரத்திலேயே இருக்கும் அழுத்தமான ஓரத்தில் புள்ளியை வைப்பது.

பிறகு நடந்தது

ஐப்பசியில் தீபாவளி கழித்து ஒரு முகூர்த்தம். கொட்டும் மழை. மண்டப வாசலில் பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வைத்திருந்தோம், பனி பூக்கவில்லை. வைட் லென்ஸில் எடுத்தவற்றில் முகம் தவறிய படங்களை விரல்விட்டு எண்ணலாம். பெரும்பாலும் ஹோமப் புகை நடுவே எடுத்தவை. குடும்பப் படங்கள் ஒன்றுகூடத் தவறவில்லை.

ஆவணிக் குடும்பத்தின் விஷயம் அவ்வளவு நன்றாக முடியவில்லை. சித்தப்பாவை அழைத்து நடந்ததை அப்படியே சொன்னேன். குடும்பப் படத்தை நான் ஃபிளாஷ் போட்டு எஃப்/8இல் எடுத்திருந்ததால் அந்தப் பக்கம் தப்பித்தது. பாக்கிப் பணத்தை வாங்கிக்கொள்ளவில்லை. தாத்தா சிரிக்கும் அந்தப் படத்துக்கு மாற்று எதுவும் என்னிடம் இல்லை. கம்ப்யூட்டரில் கூர்மையேற்றிப் பார்த்தேன், தோல் மட்டும் சொரசொரப்பாகி முகம் வேறு யாரோ போல ஆனது. அதை விட்டுவிட்டு, மங்கல் தெரியாத 6×8 அங்குல அளவில் பிரிண்ட் போட்டுச் சட்டம் மாட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். இன்னும் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இனி மாற்றிச் செய்வது

பழைய லென்ஸ் வாங்கும்போது நாம் வேலை செய்யும் தூரத்தில், நாம் வைக்கும் அபர்ச்சரில், குறைந்தது பத்துப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். கடைக்கு வெளியே தெருவில் நின்றாவது நான்கு மீட்டர் பார்க்கலாம்.

புது லென்ஸ் எதையும் முதல் முறையாகக் கல்யாணத்துக்குக் கொண்டுபோவதில்லை. நாள் முழுக்க எடுத்ததைச் சின்னத் திரையில் பார்த்துத் திருப்திப்படுவதும் இல்லை. முதல் கால் மணி நேரத்தில் இரண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் அன்றே எஃப்/4க்குப் போயிருப்போம், தாத்தா தப்பித்திருப்பார்.

திருத்த எண்களை ஒரு அட்டையில் எழுதிப் பையின் மூடிக்குள் ஒட்டியிருக்கிறோம். எந்தப் பாடியோடு சேர்த்துப் பார்த்த எண் என்பதும் அதில் இருக்கிறது. வேறு டிஎஸ்எல்ஆரில் மாட்டினால் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

தை முகூர்த்தங்களுக்கு முன்னால் அதே களத்தில், அதே ஐந்து தூரத்தில் இன்னொரு முறை எடுத்துப் பார்க்கப் போகிறோம். மார்கழிக்குள் போய்விட வேண்டும். சம்பா நெல் வந்துவிட்டால் களத்தில் டிரைபாட் வைக்க இடம் கிடைக்காது.